குடிநீர்க் கட்டணம்: மனுவில் நாம் எதைக் கேட்பது?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின் இமாம் சிறிது நேரம் பேசுவது நமது பொதுக்குழுவின் வழக்கம். இவ்வாண்டு நாம் குழாய்த் தண்ணீரின் விலையைப் பற்றிப் பேசப் போகிறோம். சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஹஜ்ரத்துக்கும் குடிநீர்க் கட்டணத்திற்கும் என்ன தொடர்பு என்று நினைக்கிறீர்கள் போலும். சொல்கிறோம்.

நகராட்சி குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தவும் வீடுகள்தோறும் மீட்டர் பொருத்தவும் உத்தேசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அறிவித்திருப்பதை அறிவீர்கள். நமது ஜமாஅத்தின் பெயரால் ஒரு மனு தயாராகிக் கையொப்பத்திற்காக நம்மிடமும் வந்தது. அதில் மூன்று கோரிக்கைகள் உள்ளன. கட்டணத்தை உயர்த்தக் கூடாது. மீட்டர் பொருத்தக் கூடாது. வழிபாட்டுத் தலங்களுக்குத் தண்ணீர் இலவசமாக வழங்கப்பட வேண்டும். நாம் இன்னும் கையொப்பமிடவில்லை. காரணம் என்னவென்று முத்தவல்லி அவர்கள் கேட்டபோது, பொதுக்குழுவிலேயே சொல்லி விடுகிறோம் என்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் இப்பள்ளிக்கு இமாமாக வந்த புதிதில், இதே போன்றதொரு மனு சென்றது. அன்று நாமும் கையொப்பமிட்டோம். கட்டணம் உயரவில்லை. ஜும்ஆவுக்குப் பின் பலரும் கைலாகு கொடுத்து மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் தென்கோடித் தெருவிலிருந்து யாராவது இருந்தார்களா என்று அன்று நாம் பார்க்கவில்லை. அத்தெருவுக்கு அன்றும் குழாய் இல்லை, இன்றும் பாதித் தெருவுக்கு இல்லை. இல்லாத குழாயின் கட்டணம் உயராததால் அவர்களுக்கு என்ன லாபம்?

சென்ற கோடையில், பஜ்ருக்குப் பின் ஒரு தாய் பள்ளியின் வாசலில் இரண்டு குடங்களுடன் நின்றார். பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்ப்பவர். பள்ளியின் ஆழ்குழாய்த் தண்ணீரை எடுத்துக் கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். எடுத்துக் கொள்ளுங்கள் அம்மா என்றோம். பிறகு, வீட்டுக்கு இணைப்பு வாங்கலாமே, மாதக் கட்டணம் அதிகமில்லையே என்று கேட்டோம். அவர் சொன்ன பதில்: “மாதக் காசு கட்டிடுவேன் ஹஜ்ரத். முன்பணமும் ரோடு வெட்டுற காசும் மொத்தமா கேக்குறாங்க. அது என்னால ஆகாது.”

இணைப்புக்கான வைப்புத்தொகையையும் சாலை வெட்டும் கட்டணத்தையும் நமது மனு எங்காவது குறிப்பிடுகிறதா? இல்லை. குழாய் உள்ளவர்கள் எழுதிய மனு அது. குழாய் இல்லாதவர்களின் தொல்லை அதில் இடம்பெறவில்லை.

அந்தத் தாய் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அவ்வப்போது கேன் தண்ணீர் வாங்குகிறார். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், ஆயிரம் லிட்டருக்கு 50 கேன்கள், 1500 ரூபாய். நம்மில் மாடி வீடு வைத்திருப்பவர் ஒரு மாதம் முழுதும் குழாய்த் தண்ணீருக்குக் கொடுப்பதை நீங்களே அறிவீர்கள். ஊரில் தண்ணீருக்கு மிக அதிக விலை கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது.

மார்க்கச் சட்டம் இது குறித்து என்ன கூறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு, ஊற்று, மழை ஆகியவற்றின் நீர் எவருக்கும் தனியுரிமையன்று. அது மக்கள் அனைவருக்கும் பொதுவானது. ஆனால் ஒருவர் உழைத்து, பாத்திரத்தில் ஏந்திக் கொணர்ந்த நீரை அவர் விற்கலாம் என்பதும் ஃபுகஹாக்களின் தெளிவான கூற்று. குழாயில் வரும் நீர் இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. நீருக்கு விலையில்லை, கொண்டுவரும் செலவுக்கு விலையுண்டு. அத்துடன் தாகத்திற்கான உரிமை, அதாவது ‘ஹக்குஷ் ஷஃபா’, வேறு. வயலுக்கும் தோட்டத்திற்குமான உரிமை வேறு என்றும் அவர்கள் பிரித்து வைத்தார்கள். இந்தப் பிரிவினை இன்றையக் கட்டண விவாதம் முழுவதற்கும் அடிப்படை. மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்த வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். மக்களுக்கு அது இலவசமாயிற்று. ஆனால் விலை கொடுக்கப்படாமல் இலவசமாகவில்லை.

ஓமானில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்கள் நிஸ்வா பக்கம் ‘பலஜ்’ என்னும் வாய்க்கால்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஐந்து, 2006-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. நீர் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிக்க எடுப்பவருக்குக் கட்டணமில்லை. அதற்குக் கீழே பள்ளிவாசலும் குளிக்குமிடங்களும். அதன் பின்னரே தோட்டங்கள். அங்கு நேரக் கணக்கில் பங்கு. சில பங்குகளை ஏலத்தில் விட்டு, அந்தப் பணத்தில் வாய்க்காலைச் செப்பனிடுவார்கள். மீட்டர் இல்லாத காலத்திலேயே அளவும் விலையும் விலக்கும் இருந்திருக்கின்றன.

இனி, நாம் விரிவாகச் சொல்ல விரும்பும் ஊருக்கு வருவோம். அது கம்போடியாவின் தலைநகரான புனோம் பென். தண்ணீர்க் கட்டணத்தை எப்படி வகுப்பது என்பதற்கு அவ்வூர் உலகமெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அங்கு ஆற்றோரங்களில் நமது சகோதரர்களான சாம் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

1975 ஏப்ரலில் போல் பாட்டின் படையினர் அந்நகரைக் கைப்பற்றி மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 1979-இல் மக்கள் திரும்பியபோது குழாய்கள் பழுதுபட்டிருந்தன. அவற்றின் வரைபடங்களை அறிந்த பணியாளர்கள் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. 1993-இல் நகரக் குடிநீர் ஆணையத்தின் பொறுப்பை ஏக் சொன் சான் என்னும் பொறியாளர் ஏற்றார். அன்று இணைப்புகள் ஏறத்தாழ 27 ஆயிரம். நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒவ்வொரு 100 லிட்டரிலும் 72 லிட்டருக்குக் காசு வரவில்லை. பாதி கசிவு, பாதி களவு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த 72 என்ற எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நகராட்சி தண்ணீருக்கு விலை வைப்பது எவ்வாறு? வாரியத்திடம் மொத்தமாக வாங்கும் நீரின் விலை, மோட்டாருக்கான மின்சாரம், குளோரின், ஊழியர் சம்பளம், குழாய் பழுது, வாங்கிய கடனின் தவணை ஆகிய யாவற்றையும் கூட்டி, காசு வசூலாகும் நீரின் அளவால் வகுக்க வேண்டும். ‘காசு வசூலாகும் நீர்’ என்பதைக் கவனியுங்கள். 100 லிட்டர் அனுப்பி 28 லிட்டருக்கே காசு வந்தால், ஒழுங்காகக் கட்டுபவர் தம் பங்கைப் போல மூன்றரை மடங்கு சுமக்கிறார். அதே செலவில் 94 லிட்டருக்குக் காசு வந்தால் அவர் சுமை ஏறக்குறைய அவருடைய பங்கு மட்டுமே. ஆகவே கட்டண உயர்வைப் பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாங்கிய நீர் எவ்வளவு, கணக்கில் வந்தது எவ்வளவு? நமது மனு இதைக் கேட்கவில்லை. மீட்டர் வேண்டாம் என்றும் எழுதிவிட்டு இதைக் கேட்கவும் முடியாது. அளக்காமல் எப்படிக் கணக்குக் கேட்பது?

ஏக் சொன் சான் முதலில் ஒவ்வோர் இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். திருட்டு இணைப்புக்குத் துணை போன தம் ஊழியர்களையே வேலையை விட்டு நீக்கினார். தகவல் சொன்னவர்களுக்கு வெகுமதி தந்தார். அரசு அலுவலகங்களும் படையினரும் பெரிய மனிதர்களும் கட்டணம் கட்டாமலே இருந்து வந்த ஊர் அது. ஒரு படைத்தலைவரின் வீட்டில் மீட்டர் வைக்கச் சென்றபோது அவர் துப்பாக்கியை நீட்டியதாக ஏக் சொன் சான் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் திரும்பிச் சென்று, ஆயுதமேந்திய காவலருடன் மீண்டும் வந்து அந்த இணைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு மற்றப் பெரிய வீடுகளில் மீட்டர் வைப்பது எளிதாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் உயர்ந்தது. இதை மறைக்கக் கூடாது. 1997-இல் ஒருமுறையும் 2001-இல் ஒருமுறையும் உயர்ந்தது. ஆனால் உயர்த்திய விதத்தைப் பாருங்கள். 2001-இல் வீடுகளுக்கு நான்கு படிகள் வகுத்தார்கள். மாதம் முதல் 7 கனமீட்டர் வரை, கனமீட்டர் ஒன்றுக்கு 550 ரியெல். ஒரு கனமீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். 8 முதல் 15 வரை 770 ரியெல். 16 முதல் 50 வரை 1010. அதற்கு மேல் 1270. சிறிய வீடு முதற்படியிலேயே நின்றுவிடும். கார் கழுவித் தோட்டத்திற்குப் பாய்ச்சும் வீடு நான்காம் படிவரை ஏறும். மூன்றாவது முறையும் உயர்த்துவதாகத் திட்டம் இருந்தது. கசிவு அடங்கி வசூல் சீரானபின் அந்த உயர்வு தேவைப்படவில்லை.

இணைப்புக் கட்டணத்தை ஏழைகளுக்குத் தவணையில் வாங்கினார்கள். பின்னர் மிக ஏழைகளை நேரில் சென்று கண்டறிந்து, அக்கட்டணத்தில் 30 விழுக்காடு முதல் முழுவதும்வரை தள்ளுபடி செய்தார்கள். அதற்குமுன் அம்மக்கள் விற்பனையாளர்களிடம் பாத்திரக் கணக்கில் வாங்கி, குழாய் உள்ளவர்களைவிடப் பல மடங்கு கொடுத்துக் கொண்டிருந்தார்கள். கட்டணம் உயர்ந்த பிறகும் அவர்களின் செலவு குறைந்தது! நாம் இதைப் படித்தபோது, குடங்களுடன் நின்ற அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

2006-இல் இணைப்புகள் ஏறத்தாழ ஒரு லட்சத்து 47 ஆயிரம். அதே ஆண்டில் ஏக் சொன் சானுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. வீணாகும் நீர் 72-இலிருந்து சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்திற்கு இறங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வந்தது. வெளிநாடுகளின் உதவியும் கடனும் பெருமளவில் வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுக்குழாய்கள் வெறும் நேர்மையால் மட்டும் பூமிக்குள் இறங்கிவிடவில்லை. ஆயினும் உதவி வந்த ஊர்கள் எத்தனையோ உள்ளன, அவையெல்லாம் இப்படி ஆகவில்லை.

இவ்வளவும் கேட்டபின், அந்தப் படிக்கட்டணத்தை அப்படியே நமது நகராட்சியும் வைத்துவிடட்டும் என்று நீங்கள் சொன்னால், அங்கேயும் நாம் ‘சற்றுப் பொறுங்கள்’ என்றே சொல்வோம். நமது தெருக்களின் வீட்டமைப்பு வேறு. ஒரே வாசலுக்குள் வாப்பாவும் மூன்று மகன்களும், நான்கு அடுப்புகள். அல்லது உரிமையாளர் கீழே, வாடகைக்காரர் மூவர் மேலே. குழாய் ஒன்று, மீட்டர் ஒன்று.

புனோம் பென்னின் விகிதத்திலேயே கணக்குப் போடுவோம். தனித்தனியாக வாழும் நான்கு குடும்பங்கள் ஆளுக்கு 7 கனமீட்டர் செலவழித்தால் ஒவ்வொன்றுக்கும் 3850 ரியெல், மொத்தம் 15,400. அதே நான்கு குடும்பங்கள் ஒரே மீட்டரில் 28 கனமீட்டர் செலவழித்தால் முதல் 7-க்கு 3850, அடுத்த 8-க்கு 6160, மீதி 13-க்கு 13,130, ஆக மொத்தம் 23,140. ஒரு சொட்டுக்கூட அதிகமாகச் செலவழிக்கவில்லை. கட்டணம் மட்டும் ஒன்றரை மடங்கு. ஏழைக்காக வைத்த படி, கூடி வாழும் ஏழையின் காலைத் தடுக்கிவிடுகிறது. கூட்டுக் குடும்பம் நம் மஹல்லாவுக்கு மட்டும் உரியதன்று; ஊரின் மற்றத் தெருக்களிலும் உண்டு. அவர்களுக்காகவும் நாம் இதைக் கேட்க வேண்டும்.

இந்தச் சிக்கல் தென்னாப்பிரிக்காவில் அரசியல் சட்ட நீதிமன்றம்வரை சென்றது. அங்கு டர்பன் நகரம் 1990-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் மாதம் 6 கிலோ லிட்டர் இலவசமாகத் தரத் தொடங்கியது. டர்பன் அடங்கிய நடால் பகுதிக்கு 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற நம் தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு நிறைய வாழ்கிறார்கள். ஆனால் அதே மாகாணத்தில், எம்பங்கேனி நகருக்கு அருகில், அதுவரை இலவசமாக இருந்த பொதுக்குழாய்களுக்கு 2000-ஆம் ஆண்டில் முன்பணம் செலுத்தினால் மட்டுமே திறக்கும் மீட்டர்கள் வைக்கப்பட்டன. பணம் இல்லாதவர்கள் ஆற்று நீரை எடுத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் காலரா தோன்றியது. மாகாணத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரை அந்நோய் தாக்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காலராவுக்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் அந்தப் பூட்டிய குழாய்களையும் அவற்றுள் ஒன்றாக ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டினார்கள். கட்டணம் வகுப்பவர் தவறினால் நிகழக்கூடியது அது. இதனாலேயே ‘எல்லாவற்றிற்கும் முழுவிலை’ என்பாரோடும் நாம் சேரவில்லை.

2001-இல் 6 கிலோ லிட்டர் இலவசம் என்பது அந்நாடு முழுமைக்குமான கொள்கையாயிற்று. அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? ஒரு வீட்டில் எட்டுப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், மாதம் 30 நாள். பெருக்கினால் 6000 லிட்டர். நல்ல கணக்குதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க் நகரின் சொவேட்டோவில் ஒரே வளவுக்குள் எட்டுப் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். மாதம் முடியுமுன்னே மீட்டர் தானாக மூடிக் கொண்டது. ஐந்து குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-இல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் தரவேண்டுமென்றது. மேல்முறையீட்டில் அது 42 லிட்டராயிற்று. 2009 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம், நகராட்சியின் கொள்கை நியாயமானதே என்று முடித்து வைத்தது. வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆயினும், வழக்கு நடந்து கொண்டிருந்த காலத்திலேயே நகராட்சி தன் கொள்கையைப் பலமுறை திருத்தி, மிக ஏழைகளுக்குக் கூடுதல் நீர் வழங்க முன்வந்தது. எழுதிக் கேட்பதில் பயனில்லை என்பார்க்கு இதைச் சொல்கிறோம்.

டெல்லியில் 2015-இல் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20 கிலோ லிட்டர் இலவசம் என்று அறிவித்தார்கள். அதைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்ல, முழு அளவுக்கும் கட்டணம் என்பது விதி. நோன்புப் பெருநாளுக்கு விருந்தினர் வந்த மாதத்தில் நான்கு வாளி கூடிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்! எல்லை வைப்பதும் ஒரு கலை.

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். யாரும் கோபிக்கக் கூடாது.

தண்ணீர் வரும் நேரத்தில் நமது தெருக்களில் மோட்டார் ஓடும் சத்தம் பள்ளியின் உள்ளே வரை கேட்கிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், மேட்டுத்தெருவின் தொட்டி நிறையும். கடைக்கோடி வீட்டில் காற்று வரும். ஒரே மாதக் கட்டணம் என்ற இன்றைய முறை, இப்படி உறிஞ்சுபவரிடமும் அதையே வாங்குகிறது, உறிஞ்சப்படுபவரிடமும் அதையே வாங்குகிறது. மீட்டர் வேண்டாம் என்ற கோரிக்கையால் நலம் பெறுவோர் யார் என்பதை அவரவர் தம் வீட்டு மாடித் தொட்டியைப் பார்த்துத் தீர்மானித்துக் கொள்ளலாம்.

பள்ளிவாசலும் விலக்கல்ல. ஹவுளுக்குப் பக்கத்தில், உளூச் செய்யும் வரிசையில் கடைசிக் குழாய் நெடுநாளாக ஒழுகிக் கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தோம். நாமும் ஒவ்வொரு வக்திலும் பார்த்தோம். இந்தக் கட்டண விவகாரம் எழுந்தபின் ஒருநாள் லுஹருக்குப் பின் அதன் கீழ் 15 லிட்டர் வாளியொன்றை வைத்து, கடிகாரத்துடன் உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் நிறைந்தது. மணிக்கு 60 லிட்டர். நாளைக்கு 1440 லிட்டர். மாதத்திற்கு 43 ஆயிரம் லிட்டருக்கு மேல். தென்னாப்பிரிக்கக் கணக்கில் அது ஏழு குடும்பங்களின் அடிப்படைத் தேவை. நபிகள் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டரில், உளூச் செய்தார்கள் என்று நாமே மிம்பரில் நின்று பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சின்போதும் அக்குழாய் ஒழுகிக் கொண்டுதான் இருந்தது. மறுநாள் பிளம்பர் வந்து மாற்றினார். ஆன செலவு மிகச் சொற்பம். அளந்து பார்க்கும்வரை அதை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். மீட்டர் இருந்து, கட்டணமும் வந்திருந்தால், நமது பொருளாளர் அவர்கள் அதை முதல் மாதமே மாற்றியிருப்பார்கள்.

ஆகவே வழிபாட்டுத் தலங்களுக்கு இலவசம் என்ற மூன்றாவது கோரிக்கையை நாம் ஏற்கவில்லை. நமக்கு இலவசமென்றால் கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் இலவசமே நியாயம். பிறகு பள்ளிக்கூடம், அலுவலகம், சங்கம் என்று வரிசை நீளும். அந்தச் செலவெல்லாம் எஞ்சியிருக்கும் வீடுகளின் கட்டணத்தில் போய் உட்காரும். பள்ளிவாசலின் தண்ணீர்க் காசில் ஒரு பகுதியை, தென்கோடித் தெருவில் பீடி சுற்றுபவர் தமக்குத் தெரியாமலே கட்டுவதை நாம் விரும்பலாமா? நிர்வாகக் குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து உண்டென்பதை அறிவோம். பள்ளிக்கு வருமானம் குறைவு, மின் கட்டணமே பெரும்பாடு என்பது அவர்களின் வாதம். அதுவும் உண்மைதான். எனவே வணிகக் கட்டணம் வேண்டாம், வீட்டுக் கட்டணமே போதும் என்று கேட்போம். அந்த அளவோடு நிறுத்திக் கொள்வோம்.

மனுவை எப்படி மாற்றலாம் என்பதற்கு நமது யோசனை இது. உயர்வே கூடாது என்பதற்குப் பதிலாக, கடந்த ஆண்டுகளில் வாங்கிய நீர், பில் போட்ட நீர், வசூலான தொகை மூன்றையும் நகராட்சி வெளியிட வேண்டும், கசிவைச் சரிசெய்யும் வேலைக்குக் காலக்கெடு சொல்ல வேண்டும், அதன் பின்னரே உயர்வு என்று கேட்போம். மீட்டரை எதிர்ப்பதற்குப் பதிலாக, அது முதலில் மேல்நிலைத் தொட்டிகளிலும், பின்னர் மண்டபங்கள், உணவகங்கள், அரசு அலுவலகங்கள், நமது பள்ளி ஆகிய இடங்களிலும், அதற்குப் பின் வீடுகளிலும் வரட்டும் என்போம். முதற்படியின் விலை குறைவாக இருக்கட்டும். அந்தப் படியை மீட்டர் கணக்கில் அல்லாமல் குடும்ப அட்டைக் கணக்கில் வைக்க வேண்டும்: ஒரு மீட்டரின் கீழ் நான்கு ரேஷன் அட்டை இருந்தால் முதற்படியும் நான்கு மடங்கு. அட்டை விவரம் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகத் தேட வேண்டியதில்லை. முன்பணம் கட்டவில்லை என்பதற்காகத் தானாக மூடிக்கொள்ளும் குழாய் எந்நாளும் வரக்கூடாது என்பதையும் எழுத்தில் கேட்போம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, புதிய இணைப்பின் வைப்புத்தொகையையும் சாலை வெட்டும் கட்டணத்தையும் மாதக் கட்டணத்தோடு சேர்த்து இரண்டு ஆண்டுத் தவணையில் வாங்க வேண்டும் என்ற கோரிக்கை மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டும். அதுவரையில் நமது பைத்துல்மாலிலிருந்து அத்தெருவில் தகுதியுள்ளோர்க்கு அழகிய கடனாக அத்தொகையைக் கொடுக்க இயலுமா என்பதை நிர்வாகக் குழு இன்றே பேசலாம்.

வாடகைக்கு வீடு விட்டிருக்கும் ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். மீட்டர் வந்தபின் நகராட்சியின் பில்லை வாடகைக்காரர்களிடம் காட்டிப் பங்கிட்டு வாங்குங்கள். பில்லைக் காட்டாமல் தொகையை மட்டும் சொல்லும் வழக்கம் மின்சாரத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது.

திருத்திய மனுவின் நகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. படித்துப் பார்த்து, மாற்றுக் கருத்தை வியாழன் இஷாவுக்குள் எழுதித் தாருங்கள். ஒரே வாசலுக்குள் எத்தனை குடும்ப அட்டைகள் உள்ளன என்பதைத் தெருவாரியாகக் குறிக்கும் படிவங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. இளைஞர்கள் வெள்ளி அஸருக்குப் பின் அவற்றை எடுத்துக் கொண்டு புறப்படுகிறார்கள். நாமும் உடன் வருகிறோம். தென்கோடித் தெருவிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.